கிள்ளான் பள்ளத்தாக்கில் அயல்நாட்டு மின்னணு நிறுவனங்கள்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசிய மின்னணுத் தொழில் என்றவுடன் பினாங்கே நினைவுக்கு வரும். தோட்டத் தமிழரின் வாழ்விடமாக விளங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கிற்கும் அவ்வரலாற்றில் பங்குண்டு. அங்கு அரசின் தொழிற்கொள்கை யாருக்கு எதனை அளித்தது என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

சலுகைகளின் தோற்றம்

1958ஆம் ஆண்டின் முன்னோடித் தொழில்கள் சட்டம் புதிய ஆலைகளுக்கு வரிவிலக்கு அளித்தது. அக்கால ஆலைகள் பெரும்பாலும் உள்நாட்டுச் சந்தையையே நோக்கின. 1965இல் ஷா ஆலமில் தோன்றிய மட்சுஷித்தா நிறுவனம் இதற்குச் சான்றாகும். 1968ஆம் ஆண்டின் முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டமும் 1971ஆம் ஆண்டின் சுதந்திர வாணிப வளையச் சட்டமும் ஏற்றுமதியை முதன்மைப்படுத்தின. சுங்கைவே வளையத்தில் மோட்டோரோலா போன்ற நிறுவனங்கள் உறுப்புகளைத் தீர்வையின்றிக் கொணர்ந்து, பொருத்திச் சோதித்து, ஏற்றுமதி செய்தன.

கட்டுப்பாடும் விலக்கும்

1975ஆம் ஆண்டின் தொழில் ஒருங்கிணைப்புச் சட்டம் உற்பத்தி உரிமத்தைக் கட்டாயமாக்கியது. புதிய பொருளாதாரக் கொள்கையின் 30 விழுக்காட்டுப் பூமிபுத்ரா பங்குடைமை இலக்கு அவ்வுரிமத்தின்வழிச் செயற்பட்டது. ஆயினும், உற்பத்தியை முழுமையாக ஏற்றுமதி செய்த அயல்நாட்டு நிறுவனங்களுக்குப் பங்குடைமையில் தளர்வு கிட்டியது. இதனால் உடைமையும் வடிவமைப்பும் பெரும்பாலும் தாய் நிறுவனத்திடமே தங்கின. உள்நாட்டவர்க்குக் கிட்டியது பெரிதும் பொருத்துபணியே. மின்னணுத் தொழிலாளர்க்கு 1988இல்தான் சங்கம் அமைக்க வழி பிறந்தது. அதுவும் நிறுவன அளவிலான சங்கமாகவே அமைந்தது.

மண்ணும் மக்களும்

பெட்டாலிங் ஜெயா நகரம் 1950களில் எஃபிங்ஹாம் ரப்பர்த் தோட்டத்தின்மீது எழுந்தது. இவ்வகை மாற்றம் பின்னரும் தொடர்ந்தது. 1996இல் தொடங்கிய பல்லூடகப் பெருவழித் திட்டம், தகுதிபெற்ற நிறுவனங்களுக்கு உறுதிமொழிப் பட்டயம் ஒன்றை வழங்கியது. உடைமைக் கட்டுப்பாடின்மை, அயல்நாட்டு வல்லுநரைத் தடையின்றி அமர்த்தும் உரிமை, பத்தாண்டு வரையிலான வருமானவரி விலக்கு ஆகியவை அதில் அடங்கும். அப்பெருவழிக்குள் அமைந்த புத்ராஜெயா, பிராங் புசார் தோட்ட நிலத்தில் உருவானது. அங்குப் பால்மரம் வெட்டியோர் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு இடம்பெயர்ந்தனர். நிலவீடு கேட்ட அவர்தம் கோரிக்கை இருபதாண்டுகளுக்கு மேல் நீடித்தது. முதலீட்டாளர்க்குப் பட்டயமாகக் கிட்டிய உறுதி, அம்மண்ணில் உழைத்தோர்க்குக் கிட்டவில்லை.

முடிவுரை

சலுகை ஆலையைக் கொணரும். தொழில்நுட்ப அறிவைத் தானே கொணராது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. 2024இல் அறிவிக்கப்பட்ட தேசியக் குறைகடத்தி வியூகம் 60,000 பொறியாளரை உருவாக்க இலக்கு வகுத்துள்ளது. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் தமிழ்ப்பள்ளி மாணவர்க்கு அறிவியலும் கணிதமும் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்விலக்கைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். தோட்டத்திலிருந்து பொருத்துபணிக்குச் சென்ற சமூகத்தின் அடுத்த தலைமுறை வடிவமைப்புக் கூடத்தை எட்டுமா என்பது அவ்வகுப்பறைகளையும் பொறுத்ததாகும்.