இளம் யாக்குகளின் உணவில் அடர்தீவனமும் நார்த்தீவனமும்

கவரிமா எனப்படும் யாக், திபெத்தியப் பீடபூமியிலும் இமயமலையின் மேட்டு நிலங்களிலும் ஏறத்தாழ 3,000 மீட்டருக்கு மேல் வளர்க்கப்படும் அசைபோடும் விலங்கு. உலகிலுள்ள யாக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் சீனாவில், குறிப்பாகச் சிங்ஹாய், திபெத், சிச்சுவான், கான்சு பகுதிகளில் உள்ளன. வளரும் யாக்கின் தீவனத்தில் தானியம், தவிடு, பிண்ணாக்கு ஆகியவற்றாலான அடர்தீவனம் எவ்வளவு, புல்லும் வைக்கோலும் எவ்வளவு என்ற கணக்கே அதன் வளர்ச்சியைப் பெரிதும் முடிவு செய்கிறது.

இக்கணக்கு எழக் காரணம் மேய்ச்சல் நிலத்தின் பருவம். அங்கே புல் தழைப்பது ஆண்டில் நான்கைந்து மாதங்கள்தான். கோடைப் புல்லில் 10 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் புரதம், குளிர்காலத்தில் புல் காய்ந்ததும் அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வயிற்று நுண்ணுயிரிகள் நாரைச் செரிக்க உணவில் சுமார் 7 விழுக்காடு புரதம் தேவை. அது கிடைக்காதபோது செரிமானம் மந்தமாகிறது. விலங்கு தின்னும் அளவும் குறைகிறது. கோடை முடிவில் இருந்த உடல் எடையில் கால் பங்கு வரை குளிரில் கரைந்துபோவதுண்டு. இந்த ஏற்ற இறக்கத்தால்தான் மேய்ச்சலை மட்டுமே நம்பும் யாக் முழு வளர்ச்சி அடையப் பல ஆண்டுகள் ஆகின்றன.

கன்று பிறந்த சில வாரங்களிலேயே புல்லைக் கடிக்கத் தொடங்கினாலும், அதன் முதல் இரைப்பை அப்போது வேலைக்கு ஆயத்தமாக இருப்பதில்லை. அடர்தீவனம் நொதிக்கும்போது உண்டாகும் பியூட்டிரிக், புரோப்பியானிக் அமிலங்கள் இரைப்பைச் சுவரின் உறிஞ்சும் முளைகளை வளர்க்கின்றன. ஆனால் அடர்தீவனம் மட்டும் போட்டால் அம்முளைகள் தடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. உலர்ந்த புல்லின் சொரசொரப்பு அதைத் தடுக்கிறது. இரைப்பைத் தசையை வலுவாக்கி, கன்றை அசைபோடவும் பழக்குகிறது. அசைபோடும்போது சுரக்கும் உமிழ்நீரிலுள்ள பைகார்பனேட்டே இரைப்பையின் அமிலத்தைத் தணிக்கும் இயற்கை மருந்து. ஆகவே நார்த்தீவனத்தை வெறும் வயிறு நிரப்பும் பொருளாகக் கருதுவது பெரும் பிழை.

கலப்பு விகிதம் உலர் எடையில் கணக்கிடப்படுகிறது. 100 கிலோ எடையுள்ள இளம் யாக் நாளொன்றுக்கு 2.5 கிலோ உலர்தீவனம் தின்பதாகக் கொண்டால், 40:60 விகிதத்தில் 1 கிலோ அடர்தீவனமும் 1.5 கிலோ ஓட்ஸ் வைக்கோலும் அமையும். எலும்பும் தசையும் வளரும் பருவத்துக்கு அடர்தீவனம் பாதியைத் தாண்டாதிருப்பதே பாதுகாப்பு. இறைச்சிக்காகக் கொழுக்க வைக்கும் குறுகிய காலத்தில் மட்டும் பங்கைக் கூட்டுகிறார்கள்; அதையும் இரண்டு மூன்று வாரங்களில் சிறுகச் சிறுகச் செய்ய வேண்டும். அவசரப்பட்டால் மாவுப்பொருள் வேகமாக நொதித்து, இரைப்பையின் பிஎச் 5.5-க்குக் கீழே சரியும். நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகள் மடியும். கழிச்சல், வயிற்று உப்புசம், கல்லீரல் சீழ்க்கட்டி எனத் தொல்லைகள் தொடரும். தானியத்திலும் தவிட்டிலும் பாஸ்பரஸ் மிகுந்து சுண்ணாம்புச்சத்து குறைந்திருப்பதால், ஆண் கன்றுகளுக்குச் சிறுநீர்க் கல் வராமல் தடுக்கச் சுண்ணாம்புத்தூளும் உப்பும் சேர்ப்பது அவசியம்.

திபெத்தில் பார்லியும் அதன் தாளும், சிங்ஹாயில் கடுகினப் பிண்ணாக்கும் எளிதில் கிடைக்கின்றன. கடுகினப் பிண்ணாக்கிலுள்ள குளுக்கோசினோலேட் என்னும் வேதிப்பொருள் தைராய்டைப் பாதிக்கக்கூடியது என்பதால் அதற்கு அளவு உண்டு.

இந்தியாவில் அருணாசலப் பிரதேசத்தின் திராங்கில் 1989-இல் நிறுவப்பட்ட தேசிய யாக் ஆராய்ச்சி மையம் இத்துறையில் பணியாற்றுகிறது. தீவனச் சேமிப்பின் தேவையைச் சிக்கிம் கடுமையாக உணர்ந்தது: 2018 டிசம்பரில் தொடங்கிய பனிப்பொழிவில் வட சிக்கிமின் முகுதாங், யும்தாங் பகுதிகளில் 300-க்கும் மேற்பட்ட யாக்குகள் தீவனமின்றி மாண்டன.

நல்ல கோடை மேய்ச்சலில் இருக்கும் கன்றுக்கு அடர்தீவனம் தரும் கூடுதல் பயன் சிறிது. அதே செலவை இலையுதிர்காலம் முடிவதற்குள் உலர்புல் சேர்ப்பதிலும், குளிர்கால மாதங்களில் அளவான அடர்தீவனம் தருவதிலும் இடுவதே சிறந்த முறை.