தாழ்ந்த வாசல்

இங்கிலாந்தின் வடமேற்கே உள்ள ஏரி மாவட்டத்தில், நடைப்பயணிகளுக்கு வாரக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் பழைய குடியானவர் வீடொன்றில் நாம் தங்க நேர்ந்தது. முதல் நாளே வாசல்நிலை நம் நெற்றியைப் பதம் பார்த்துவிட்டது. அத்துணைத் தாழ்வு! சுவர்களோ மலைக்கல்லால் ஆன பெருங்கனச் சுவர்கள், சன்னல்கள் சிறியன. குளிருக்கஞ்சிக் கட்டியவர்கள், காட்சியை எண்ணிச் சன்னல் வைப்பார்களா என்ன?

கணப்படுப்பின் அருகே சுவரோடு பொருந்திய மர அலமாரி ஒன்று இருந்தது. ஓட்ஸ் மாவினால் தட்டிச் சுட்ட மெல்லிய ரொட்டிகளை மாதக்கணக்கில் அதில் வைத்திருந்து உண்பார்களாம். அதன் முகப்பில் கணவன் மனைவி பெயர்களின் முதலெழுத்துகளும் ஆண்டும் செதுக்கப்பட்டிருந்தன. இம்மாவட்டத்துப் பழைய வீடுகள் பலவற்றில் இவ்வழக்கத்தைக் காணலாம். ஏழை உழவன் மரத்தில் தன் பெயரைச் செதுக்கத் துணிந்தது எங்ஙனம்? அங்கேதான் வரலாறு இருக்கிறது.

ஸ்காட்லாந்து எல்லையைக் காக்கப் போருக்குச் செல்வதற்கு ஈடாக, இவ்வுழவர்கள் தம் நிலத்தைத் தந்தைக்குப்பின் மகன் என அனுபவித்து வந்தனர். 1603இல் இரு நாடுகளுக்கும் ஒரே மன்னர் வாய்த்ததும், எல்லைக் காவல் இனித் தேவையில்லை, ஆகவே உரிமையும் இல்லை என்று வாதிடலாயினர் மேலோர். உழவர்கள் பணியவில்லை. வழக்கு நெடுநாள் நடந்தது. 1625இல் ஸ்டார் சேம்பர் நீதிமன்றம் அவர்தம் மரபுரிமையை ஏற்றது. தம்மை எவரும் வெளியேற்ற இயலாது என்ற உறுதி பிறந்த பின்னரே, அந்நூற்றாண்டின் பிற்பகுதியில், கல்வீடுகள் மிகுதியாக எழுந்தன. டிரவுட்பெக் சிற்றூரின் டவுனெண்ட் இல்லத்தில் பிரௌன் என்னும் உழவர் குடும்பம் 1943 வரை, முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்தது என்றால் அவ்வுறுதியின் வலிமையை உணரலாம்.

வெளியூராரை இம்மலைகளுக்கு அழைத்தவர்களுள் தலையாயவர் கவிஞர் வோர்ட்ஸ்வொர்த். 1799இன் இறுதியில் கிராஸ்மியரில் அவர் குடிபுகுந்த டவ் காட்டேஜும் எளிய வீடுதான். முன்னர் மதுக்கடையாக இருந்தது. குளிர் தாங்காத சிற்றறையின் சுவரில் அவர் தங்கை டாரதி செய்தித்தாள்களை ஒட்டி வைத்தார். இவ்வட்டாரத்துக்கு வழிகாட்டி நூல் எழுதிய அதே கவிஞர், 1844இல் கெண்டலிலிருந்து விண்டர்மியருக்கு இருப்புப்பாதை வருவதை எதிர்த்தார். ஆலைத் தொழிலாளர் கூட்டமாக வந்தால் ஏரிகளின் அமைதி குலையுமாம்! அழைப்பு எழுதியவரே கதவைச் சாத்தப் பார்த்தார் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. 1847இல் ரயில் வந்தது, தொழிலாளரும் வந்தனர். 1951இல் இம்மாவட்டம் தேசியப் பூங்காவாயிற்று.

வந்தோர் யாவரும் காட்சியை மட்டும் கண்டு சென்றாரல்லர். குழந்தைகளுக்குக் கதை எழுதிய பியாட்ரிக்ஸ் பாட்டர் 1905இல் ஹில் டாப் பண்ணையை வாங்கினார். பின்னர் பண்ணை பண்ணையாக வாங்கி, ஹெர்ட்விக் ஆடு வளர்ப்பதில் தேர்ந்தார். 1943இல் மறைந்தபோது நாலாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை நேஷனல் டிரஸ்டுக்கு விட்டுச் சென்றார். மலைப் பண்ணைகளில் அவ்வாடுகளே தொடர்ந்து மேயவேண்டும் என்பது அவர் விருப்பம். மேய்ப்பவன் இல்லாத மலையில் பாதையும் நிலைக்காது என்பதை அறிந்தவர் அவர்.

புறப்படும் நாள் காலையில், படுக்கை விரிப்புகளை மாற்ற ஓர் அம்மையார் வந்தார். அவருடைய தாயார் பிறந்த ஊராம் அது. இன்று அவ்வூரில் வாடகைக்குக்கூட அவருக்கு வீடு அகப்படவில்லை. உள்ள வீடுகள் விடுமுறைக்காரர்களுக்கே போய்விடுகின்றன. தொலைவிலுள்ள நகரத்திலிருந்து பேருந்தில் வருகிறார். மரபுரிமைக்காக வழக்காடியவர்களின் வீட்டில் ஒரு வார உரிமையோடு இருந்த நமக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாயிருந்தது. விரிப்புகளைக் கையில் ஏந்தியபடி அவர் உள்ளே வந்தார். வாசல்நிலையை நிமிர்ந்து பாராமலே, உரிய இடத்தில் தலை குனிந்தார்.