தோரா: ஒரு சொல், மூன்று தமிழ்ச் சொற்கள்

எபிரேய மொழியின் 'தோரா' என்னும் சொல் கற்பித்தல், வழிகாட்டுதல் ஆகிய பொருள்களைத் தரும் வினையடியோடு தொடர்புடையது. ஆசிரியரைக் குறிக்கும் 'மோரே' என்னும் சொல்லும் அவ்வடியைச் சேர்ந்ததே. தாய் பிள்ளைக்குச் சொல்லும் அறிவுரை, பலிமுறை குறித்த விதி, மோசேயின் ஐந்து நூல்கள் ஆகிய அனைத்தும் இச்சொல்லால் சுட்டப்பட்டன.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஐந்நூல்களைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூதர்கள் இதற்கு 'நோமோஸ்' என்னும் சொல்லை ஆண்டனர். சட்டத்தோடு வழக்காற்றையும் குறித்த சொல் அது. பவுலின் நிருபங்களும் அதையே பயன்படுத்தின. இலத்தீனில் அது 'லெக்ஸ்' ஆயிற்று; லூத்தரின் ஜெர்மனில் 'கெசெட்ஸ்' ஆயிற்று. கற்பித்தல் என்னும் பொருள் படிப்படியாக மங்கியது. சட்டமும் நற்செய்தியும் எதிரெதிராக வைத்துப் பேசப்பட்டபோது, யூத சமயமே ஒரு சட்டச்சுமை என்னும் எண்ணம் வேரூன்றியது.

தமிழில் சிக்கல் வேறு வடிவம் கொண்டது. 1871இல் வெளிவந்த ஹென்றி பவர் குழுவினரின் திருப்புதலிலிருந்து வந்து, இன்றும் திருச்சபைகளில் வாசிக்கப்படும் வேதாகமத்தில், 'தோரா' என்பது சங்கீதம் 1இலும் 119இலும் 'வேதம்'; நீதிமொழிகள் 1:8இல் 'போதகம்'; யோசுவா 1:8இல் 'நியாயப்பிரமாணம்'. ரோமர் நிருபத்தின் 'நோமோஸ்' என்பதற்கும் 'நியாயப்பிரமாணம்' என்பதே சொல். இடத்துக்கேற்ற பெயர்ப்புகள்தாம் இவை. எனினும் இவற்றின் உறவு வாசகருக்குப் புலப்படுவதில்லை. சங்கீதக்காரர் நேசித்த வேதமும் பவுல் விவாதித்த நியாயப்பிரமாணமும் ஒன்றே என்பதை அறியாமலே ஒருவர் வாழ்நாள் முழுதும் வேதாகமத்தை வாசித்துவிடலாம்.

1977இல் வெளிவந்த இ. பி. சாண்டர்ஸின் பவுல் பற்றிய ஆய்வு அந்தப் பழைய எண்ணத்தை அசைத்தது. யூத சமயத்தில் கடவுளின் அருளால் அமையும் உடன்படிக்கையே முதலில் வருகிறது. கீழ்ப்படிதல் அதற்கு அளிக்கும் மறுமொழி என்று அவர் நிறுவினார். யாத்திராகமத்தின் வரிசையும் இதற்கு இசைவானதே: 14ஆம் அதிகாரத்தில் அடிமைகள் கடலைக் கடந்து விடுதலை பெறுகின்றனர், கட்டளைகள் 20ஆம் அதிகாரத்திலேதான் வருகின்றன.

இன்றைய கிறிஸ்தவர் தோராவை வாசிக்கையில் இந்த வரிசையை நினைவிற்கொள்வது நன்று. நியாயப்பிரமாணத்தைப் பரிசுத்தமானது என்று ரோமர் 7:12இல் உரைப்பவரும் பவுலே. அவ்வசனத்தை மறந்த வாசிப்பு, தோராவை இன்றும் ஓதிவரும் ஒரு மக்களைத் தாழ்வாக எண்ணவே கற்பிக்கும்.