பதினொன்றா, பதினோராயிரமா?

சிறுவயதில் எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா ஓடிகொலோனில் துணியை நனைத்து நெற்றியில் போடுவார். பள்ளியில் பிரெஞ்சு படித்த பிறகுதான் அது 'ஓ தெ கொலோஞ்', அதாவது கொலோஞ் ஊர்த் தண்ணீர் என்று புரிந்தது. ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் இருக்கிறது அந்த ஊர். இன்று அதன் நகரச் சின்னத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

கேடயத்தின் மேல்பகுதி சிவப்பு. அதில் மூன்று பொற்கிரீடங்கள். கீழ்ப்பகுதி வெள்ளை, அதில் பதினொரு கறுப்புத் துளிகள். நகரக் கொடியின் நிறங்களும் சிவப்பும் வெள்ளையும்தான்.

கிரீடங்கள், குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ராஜாக்களைக் குறிக்கின்றன. அவர்களுடையவை என்று நம்பப்பட்ட எலும்புகளை 1164இல் மிலான் நகரிலிருந்து பேராயர் ரைனால்ட் கொண்டுவந்தார். யாத்திரிகர்கள் திரண்டு வந்தார்கள். 1248இல் புதிய பேராலயத்தைக் கட்டத் தொடங்கினார்கள், முடிந்தது 1880இல்!

துளிகளின் கதை வேறு. உர்சுலா என்ற இளவரசி, தோழிப்பெண்களோடு ரோமாபுரி போய்த் திரும்பும் வழியில், இந்த ஊரில் ஹூணர்களால் கொல்லப்பட்டாள் என்பது ஐதீகம். துளிகளைத் தீச்சுடர் என்பாரும் உண்டு, கண்ணீர் என்பாரும் உண்டு. எர்மின் என்ற வெண்ணிறப் பிராணியின் கறுத்த வால்நுனி என்பாரும் உண்டு. பிரான்சின் பிரெத்தாஞ் பகுதியின் சின்னமும் அந்த எர்மின்தான்.

கேடயத்தில் பதினொன்று, ஐதீகத்திலோ பதினோராயிரம் கன்னியர்! எப்படி? ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் சொல்கிறார்கள். பழைய ஏட்டில் ரோமன் எண்ணில் பதினொன்று என்றும், பக்கத்தில் 'எம்' என்றும் இருந்திருக்கலாம். லத்தீனில் அது 'மார்த்திர்', வேதசாட்சி என்பதன் முதலெழுத்து. ரோமன் எண்ணில் அதுவே ஆயிரம். படித்தவர் ஆயிரமாக்கிவிட்டார். பிறகு 1106இல் மதில் வேலைக்குத் தோண்டியபோது பழைய ரோமானிய இடுகாட்டு எலும்புகள் கிடைக்க, அந்தக் கன்னியரே என்று ஊர் நம்பிவிட்டது.

இதைப் படித்துச் சிரித்தேன். உடனே ஒரு பழைய கோப்பு நினைவுக்கு வந்தது. பிரெஞ்சுப் பள்ளிப் பழக்கத்தில் நான் கொம்பு வைத்து எழுதிய 1, அடுத்த மேசைக்காரருக்கு 7 ஆகத் தெரிந்தது. கணவரை இழந்த ஓர் அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் மூன்று மாதம் நின்றுபோனது. அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "சரியாயிடுமா, தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை, எண்ணுக்குப் பக்கத்தில் எழுத்தாலும் எழுதினேன். ஒன்று என்றால் 'ஒன்று'.