சாப்பா, ஓய்வுநேரம், விளையாட்டு: மட்டாஞ்சேரி வரலாற்றிலிருந்து ஒரு குறிப்பு

வேலையும் குடும்பப் பொறுப்பும் உள்ள ஒருவர் இரவில் அரைமணி நேரம் வீடியோ கேம் ஆடுவது தனிமனிதப் பழக்கமாகவே பார்க்கப்படுகிறது. சிறுபிள்ளைத்தனம் என்றோ, நேரத்தைத் திட்டமிடத் தெரியாமை என்றோ அதை விளக்குவோர் பலர். ஆனால் அந்த அரைமணி நேரத்துக்கு ஒரு சமூக வரலாறு உண்டு. அதன் ஓர் அத்தியாயம் மட்டாஞ்சேரியில் நிகழ்ந்தது.

ராபர்ட் பிரிஸ்டோவின் மேற்பார்வையில் உருவான கொச்சித் துறைமுகம் 1936இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்கு அங்கு நிலவியது ‘சாப்பா’ முறை. கூடிநிற்கும் தொழிலாளர் நடுவே உலோக வில்லைகள் வீசப்படும். முண்டியடித்துக் கைப்பற்றியவருக்கு அன்று வேலை, மற்றவருக்கு இல்லை.

விளையாட்டின் முதற்பண்பு விருப்பார்வம் என்றும், கட்டளைக்கு ஆடுவது விளையாட்டாகாது என்றும் டச்சு வரலாற்றாசிரியர் யோகான் ஹய்சிங்கா 1938இல் எழுதினார். போட்டி, தற்செயல், வில்லை என விளையாட்டின் புறவடிவங்கள் யாவும் சாப்பாவில் இருந்தன. விலகிக்கொள்ளும் உரிமை மட்டும் இல்லை. வில்லை கிடைக்காதவரிடம் பகல் முழுதும் நேரம் இருந்தது. எனினும் அது ஓய்வுநேரம் அன்று. நாளைய கூலி உறுதியில்லாத காத்திருப்பு.

இம்முறைக்கு எதிரான போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. சைது, சைதலவி, ஆன்டனி ஆகிய மூவரும் அப்போராட்டத்தின் தியாகிகளாக நினைவுகூரப்படுகின்றனர். 1948ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் கொச்சிக்கான வேலை ஒழுங்குமுறைத் திட்டம் 1959இல்தான் வந்தது.

கடிகார ஒழுங்கு தொழிலாளர்மீது சுமத்தப்பட்ட கட்டுப்பாடு என்பதை இ. பி. தாம்சனின் 1967ஆம் ஆண்டுக் கட்டுரை விரிவாகக் காட்டுகிறது. பின்வந்த தலைமுறையினர் அந்நேரத்தின் அளவுக்காகவே போராடினர் என்பதையும் சுட்டுகிறது. மட்டாஞ்சேரி இதில் ஒரு படி மேலே செல்கிறது. இங்கே நிலையான வேலைநேரம் என்பதே தொழிலாளரின் கோரிக்கையாக இருந்தது. வேலை எப்போது தொடங்கும், எப்போது முடியும் என அறிந்தவருக்கே ‘வேலைக்குப் பிந்தைய நேரம்’ என ஒன்று உண்டு.

ஆகவே, பெரியவர்கள் விளையாடலாமா என்பதைவிட, விளையாடும் நேரம் யாருக்கு வாய்க்கிறது என்பதே பொருத்தமான ஆய்வுக் கேள்வி. அடுத்த ஆர்டருக்காகச் சாலையோரம் காத்திருக்கும் உணவு விநியோகத் தொழிலாளியின் கைபேசியிலும் கேம் ஓடக்கூடும். அதே திரையில்தான் வேலைக்கான அழைப்பும் வந்து விழுகிறது. அவர் கழிப்பது ஓய்வுநேரமா, காத்திருப்பா என்ற வினாவுக்கு விடை தேடுவோர் சாப்பாவின் வரலாற்றைத் தாண்டிச் செல்ல இயலாது.