கணக்கிற்குள் இருக்கும் அறம்: வெஸ்ட் சர்ச்மனின் வாதம்

மேலாண்மைப் படிப்பில் கணக்குக்கு ஒரு தாள், அறநெறிக்கு வேறொரு தாள். முன்னதில் மாணவர் சரக்கிருப்பின் அளவையும் லாரி செல்ல வேண்டிய வழியையும் கண்டுபிடிக்கிறார். பின்னதில், அப்படிக் கண்டுபிடித்ததை நேர்மையாகப் பயன்படுத்தச் சொல்லித் தருகிறார்கள். இந்தப் பாகப்பிரிவினை செல்லாது என்று வாதிட்டவர் சார்ல்ஸ் வெஸ்ட் சர்ச்மன் (1913–2004). அறநெறி ஆசிரியர் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். சர்ச்மனோ கணக்குத் தாளையே உருவாக்கியவர்களுள் ஒருவர். ஆபரேஷன்ஸ் ரிசர்ச் என்று மாணவர்கள் அறியும் செயலாய்வுக்கு, ரஸ்ஸல் ஏகாஃப், லியோனார்டு ஆர்னாஃப் ஆகியோருடன் சேர்ந்து 1957இல் அறிமுகப் பாடநூல் எழுதியவர்; 1954இல் தொடங்கிய ‘மேனேஜ்மென்ட் சயன்ஸ்’ ஆய்விதழின் முதல் தலைமை ஆசிரியர். அவருடைய மரபு எது என்று கேட்டால் இவற்றைக் காட்டுவோர் உண்டு. கணக்கு தொடங்குமுன்பே அறம் அதற்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது என்பதைக் கணக்கைக் கொண்டே அவர் காட்டியதைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன்.

அந்த எண்ணம் பிறந்த இடம் வணிகப்பள்ளி அன்று. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், வில்லியம் ஜேம்ஸின் வழிவந்த எட்கர் சிங்கரிடம் தத்துவம் பயின்று 1938இல் முனைவர் பட்டம் பெற்ற சர்ச்மன், இரண்டாம் உலகப் போரின்போது பிலடெல்பியாவின் ஃபிராங்க்ஃபோர்டு படைக்கலச் சாலையில் கணிதப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். துப்பாக்கித் தோட்டாக்களைப் புள்ளியியல் முறையில் சோதிப்பது வேலை. சுட்டுப் பார்த்த தோட்டா மறுபடி பயன்படாது. ஆகவே சிலவற்றைச் சுட்டு, மீதி முழுவதற்கும் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நல்லதைக் கெட்டதென்று தள்ளிவிடலாம். கெட்டதை நல்லதென்று அனுப்பிவிடலாம். எத்தனை தோட்டா வெடித்த பிறகு ‘இது நல்ல சரக்கு’ என்று துணிந்து சொல்வது? இதற்கான விடை புள்ளியியல் சூத்திரத்தில் இல்லை. எந்தப் பிழை எவ்வளவு கொடியது என்று முதலில் யாராவது தீர்மானித்தாக வேண்டும். தள்ளினால் ஆலைக்கு இழப்பு, அனுப்பினால் போர்முனையில் நிற்பவனுக்கு ஆபத்து. ‘உண்மை’ என்று ஏற்பதற்குள்ளேயே ‘யாருக்கு எது கேடு’ என்ற தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. இதை அறிவியல் முழுமைக்கும் பொதுவாக்கி 1948இல் ஒரு நூலாகவே எழுதினார். தத்துவ மாணவர்கள் இந்த வாதத்தைப் பெரும்பாலும் ரிச்சர்டு ரட்னரின் 1953ஆம் ஆண்டுக் கட்டுரை வழியாக அறிகிறார்கள்; சர்ச்மன் ஐந்தாண்டு முந்தியவர்.

தோட்டாவின் இடத்தில் சரக்கை வைத்தால் அதே வாதம் வணிகத்துக்கு வந்துவிடும். சரக்கிருப்புக் கணக்கில் பற்றாக்குறைச் செலவு என்று ஓர் எண் உண்டு: கேட்டு வந்தவருக்குப் பொருள் இல்லாமல் போனால் எவ்வளவு இழப்பு? சோப்புக்கு இதை ஓரளவு மதிப்பிடலாம். ரத்த வங்கிக்கு? அந்த எண்ணை இடுபவர் ஓர் உயிரின் விலையை எழுதுகிறார், தெரிந்தோ தெரியாமலோ. 1958 வாக்கில் பெர்க்லி வணிகப்பள்ளிக்கு வந்தபின் சர்ச்மன் கற்பித்ததெல்லாம் இந்தத் ‘தெரியாமலோ’வை ஒழிக்கத்தான் என்று தோன்றுகிறது. ஒரு சிக்கலைத் துண்டாக அல்லாமல் அது சேர்ந்த முழுமையோடு பார்க்கும் ‘அமைப்பணுகுமுறை’ பற்றி 1968இல் வெளிவந்த நூலில் நிறுவனத்தின் உண்மையான நோக்கத்தைக் கண்டுபிடிக்க எளிய உரைகல் ஒன்றைத் தருகிறார்: வாயால் சொல்வதை விடுங்கள், எதற்காக எதைத் தெரிந்தே விட்டுக்கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். அறிவுக்காகப் படிப்பதாகச் சொல்லும் மாணவர் மதிப்பெண்ணுக்காக அறிவைக் கைவிடுவாரானால், அவர் நோக்கம் மதிப்பெண்ணே.

1967இல் அவர் ‘மேனேஜ்மென்ட் சயன்ஸ்’ இதழில் எழுதிய சிறு தலையங்கம் இன்னும் கடுமையானது. பெர்க்லியில் வடிவமைப்புப் பேராசிரியராக இருந்த ஹார்ஸ்ட் ரிட்டல் ஒரு கருத்தரங்கில் விளக்கிய ‘பொல்லாத சிக்கல்’ என்ற கருத்தை அச்சில் பரவச் செய்தது அதுதான். வறுமை, நகர நெரிசல் போன்றவற்றை எவரும் ஒரே விதமாக வரையறுப்பதில்லை. தீர்வு என்று செய்வதே புதிய சிக்கலைக் கிளப்பும். அத்தகைய சிக்கலில் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்து, அதைக் கணக்கால் அடக்கிவிட்டு, முழுவதும் தீர்ந்ததுபோல் காட்டுவது திறமைக்குறைவு மட்டுமல்ல, ஒழுக்கக்கேடு என்றார் சர்ச்மன். தாம் வளர்த்த துறையினரிடமே இதைச் சொன்னார்.

துண்டாக வெட்டக் கூடாது, எல்லாமே எல்லாவற்றோடும் தொடர்புடையது என்றால் மேலாளர் எப்படித்தான் முடிவெடுப்பார் என்பது நியாயமான ஆட்சேபம். திங்கட்கிழமை காலையில் கொள்முதல் ஆணை போயாக வேண்டும். எதைக் கணக்கில் சேர்ப்பது, எதை விடுவது என்று எல்லைக்கோடு இழுக்காமல் முடியாது என்பதைச் சர்ச்மனும் மறுக்கவில்லை. அந்தக் கோடு இயற்கை போட்டது என்ற பாவனையைத்தான் மறுத்தார். அவருடைய மாணவர் வெர்னர் உல்ரிச் 1983இல் இதை நடைமுறைக்கு இறக்கி, யார் பயனடைகிறார், யார் தீர்மானிக்கிறார், பாதிக்கப்படுபவருக்காகப் பேசுபவர் யார் என்பன போன்ற பன்னிரண்டு கேள்விகளாக்கினார். பன்னிரண்டு கேள்விகளுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்! இன்னொரு ஆட்சேபம், முழுமையைக் காண்பதாகச் சொல்பவர் தம் பார்வையையே முழுமை என்று திணிப்பார் என்பது. இதற்கான விடை 1979இல் வந்த நூலில் இருக்கிறது. அமைப்பணுகுமுறையின் எதிரிகளாக அரசியல், ஒழுக்கம், சமயம், அழகியல் ஆகிய நான்கை அதில் பெயரிடுகிறார். அவற்றை வெல்லச் சொல்லவில்லை. திட்டமிடுபவரின் பகுத்தறிவுக்கு எட்டாதது அவற்றுக்குத் தெரியும் என்பதால் அந்த எதிரிகளின் குரலைக் கேட்கச் சொல்கிறார்.

வணிகப்பள்ளிகள் கேட்கவில்லையே என்பதுதான் எனக்கு வலுவாகப் படும் ஆட்சேபம். 1959இல் ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவில் வெளிவந்த கார்டன்–ஹவல் அறிக்கை வணிகக் கல்விக்கு அறிவியல் கண்டிப்பு வேண்டும் என்றது. பள்ளிகள் கணிதத்தை வாரி எடுத்துக்கொண்டு தத்துவத்தை வாசலில் நிறுத்தின. 1979இல் ஏகாஃபே செயலாய்வின் எதிர்காலம் முடிந்துபோனது என்ற பொருளில் கட்டுரை எழுதினார். இந்தத் தோல்வியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் அது வாதத்தின் தோல்வி அன்று. பொல்லாத சிக்கல் என்ற சொல் பொதுக்கொள்கைப் படிப்பில் வேரூன்றியது. லைப்னிட்ஸ், லாக், காண்ட், ஹெகல், சிங்கர் ஆகிய ஐவரையும் அறிவு திரட்டும் அமைப்புகளின் வடிவமைப்பாளர்களாகப் படித்துக்காட்டிய அவருடைய 1971ஆம் ஆண்டு நூல் தகவல் அமைப்பு ஆய்வாளர்களிடம் வாழ்கிறது. அவர் வளர்த்த துறையில்தான் அமைதி. அதன் பாடநூல்களில் பற்றாக்குறைச் செலவு இன்றும் பெரும்பாலும் ‘கொடுக்கப்பட்டுள்ளது’ என்ற தலைப்பின் கீழேயே வருகிறது. கொடுத்தவர் யார் என்று பயிற்சி வினா கேட்பதில்லை.