டீசல் எஞ்சினின் குளிர்த்தொடக்கம்: பாகலூர்ப் பிரதேசத்தை முன்னிட்டு

இரவு முழுதும் இயங்காமல் நின்று, சூழ்ந்திருக்கும் காற்றின் உஷ்ணத்துக்கே தானும் வந்து சேர்ந்துவிட்ட ஒரு டீசல் எஞ்சினை, உள்ளே மிஞ்சிய வெப்பம் எதுவும் துணைக்கு இல்லாத அந்நிலையிலிருந்து இயங்கச் செய்வதற்குக் குளிர்த்தொடக்கம் என்று பெயர். பெட்ரோல் எஞ்சினில் பற்றவைக்கும் பொறுப்பை ஸ்பார்க் பிளக்கின் பொறி ஏற்றுக்கொள்கிறது. பாரிஸ் நகரில் 1858-இல் பிறந்த ஜெர்மானியப் பொறியியலாளர் ருடால்ஃப் டீசல், 1892-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரத்துத் தொழிற்சாலையில் வெற்றியுடன் இயக்கிக் காட்டிய யந்திரத்திலோ பொறி என்பதே கிடையாது. காற்றை மட்டும் சிலிண்டருக்குள் இழுத்து, மிகச் சிறிய இடத்தில் நெருக்கி, அந்த நெருக்கத்தாலேயே கொதிப்பேறிய காற்றினுள் எண்ணெயை நுண்ணிய திவலைகளாகப் பீச்சும்போது அது தானாகவே தீப்பற்றுகிறது. ஆகவே காற்று எவ்வளவு சூடேறுகிறது என்பதிலேதான் குளிர்த்தொடக்கத்தின் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது.

ஓசூரிலிருந்து கர்நாடகத்து மாலூருக்குச் செல்லும் சாலையில், மாநில எல்லையை ஒட்டி அமைந்த பாகலூர், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள பீடபூமியில் இருக்கிறது. 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. மார்கழி, தை மாதங்களில் இங்கே விடியற்காலை உஷ்ணம் 15 டிகிரிக்கும் கீழே இறங்குவது சகஜம். அண்டையிலுள்ள பெங்களூரில் 1884 ஜனவரி 13-ஆம் நாள் 7.8 டிகிரி வரை இறங்கியதாகப் பதிவு உண்டு. இந்தக் குளிரில், பொழுது புலர்வதற்கு நெடுநேரம் முன்னரே ரோஜாவும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு பெங்களூர்ச் சந்தைக்குப் புறப்பட வேண்டிய வண்டிகளும், கல்குவாரிக்குச் செல்லும் டிப்பர்களும், உழவுக்கு இறங்கும் டிராக்டர்களும், மின்சாரம் நின்றவுடன் இயங்கியாக வேண்டிய தொழிற்சாலை ஜெனரேட்டர்களும் இருப்பதால், மேற்சொன்ன விஷயம் இப்பிரதேசத்தில் அன்றாட ஜீவனத்தோடு ஒட்டியதாகும். டீசல் எஞ்சினைப் பற்றிய அறிவும் இம்மேட்டு நிலத்துக்கு அந்நியமானதன்று. அசோக் லேலண்டின் ஓசூர்த் தொழிற்சாலை 1980-இல் தொடங்கியது. ஜெர்மானிய பாஷ் நிறுவனத்தின் கூட்டுறவோடு 1951-இல் தோன்றி, பெங்களூரில் தொழில் நடத்திய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, எண்ணெய் பீச்சும் பம்பையும் நாசிலையும் இந்நாட்டிலேயே செய்து பரப்பிற்று. அக்கம்பெனி 2008-இல் பாஷ் என்றே பெயர் மாறிவிட்ட பின்னும், பட்டறைகளில் வயதான மெக்கானிக்குகளுக்கு அது ‘மைக்கோ பம்பு’தான்.

வண்டி காலையில் எடுக்காதபோது குளிரின்மேல் பழி போடுவது பொதுவழக்கு. அப்பழி எவ்வளவு தூரம் நியாயமானது என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். லாரி எஞ்சின்களில் அமுக்க விகிதம் சாதாரணமாக 17-ஐ ஒட்டி இருக்கும். அதாவது, 17 பங்கு இடத்தில் இருந்த காற்று ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கப்படுகிறது. நல்ல நிலையிலுள்ள எஞ்சினில், 27 டிகிரியில் உள்ளே புகுந்த காற்று நெருக்கத்தின் முடிவில் சுமார் 536 டிகிரியை எட்டும். அதே எஞ்சினில் 13 டிகிரிக் காற்று புகுந்தால் எட்டுவது சுமார் 498 டிகிரி. கோடைக்கும் தை மாதத்து விடியலுக்கும் உள்ள வித்தியாசம் முடிவில் நாற்பது டிகிரிக்கும் குறைவே. அதனால் தீப்பற்றுவது சற்றுத் தாமதப்படுமே தவிர, நின்றுபோகாது. இனி, ரிங்குகள் தேய்ந்து, லைனர் அகன்று, வால்வுகள் சரியாக உட்காராமல், பேட்டரியும் சோர்ந்துபோய் மெதுவாகச் சுழலும் ஓர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். நெருக்கப்படும் காற்றில் ஒரு பகுதி பிஸ்டனின் ஓரமாகக் கசிந்தோட, எஞ்சியதன் வெப்பத்தையும் குளிர்ந்த சிலிண்டர்ச் சுவர் உறிஞ்சிக்கொள்வதால், அதே 13 டிகிரிக் காற்று அங்கே 300 டிகிரி அளவோடு நின்றுவிடக்கூடும். குளிர் பறித்தது நாற்பது டிகிரி என்றால், தேய்மானம் பறித்தது இருநூறு. பாகலூர்க் குளிர் ஒரு நல்ல எஞ்சினை நிறுத்திவிடும் அளவுக்குக் கொடியதன்று என்றும், இங்கே ஒரு வண்டி நாள்தோறும் காலையில் முரண்டு செய்தால் அதன் உடம்பில் எங்கோ ஒரு குறை வளர்ந்து வருகிறது என்றும் இக்கணக்கிலிருந்து திடமாகச் சொல்லலாம்.

சுழற்சியின் வேகத்துக்கு இதில் எவ்வளவு பங்கு உண்டு என்பதைப் பலர் உணர்வதில்லை. எஞ்சின் தன் சொந்த பலத்தில் நிமிஷத்துக்கு 600 சுற்று சுழலும்போது, ஒரு நெருக்கம் இருபதில் ஒரு விநாடியில் முடிந்துவிடுகிறது. செல்ஃப் மோட்டார் அதை 150 சுற்றில் திருப்பும்போதோ அதே காரியத்துக்கு ஐந்தில் ஒரு விநாடி ஆகிறது. நான்கு மடங்கு நேரம் கிடைப்பதால் காற்றுக்குக் கசிந்தோடவும் சூட்டை இழக்கவும் நான்கு மடங்கு அவகாசம் கிடைக்கிறது. செல்ஃப் இன்னும் தளர்ந்து 100 சுற்றுக்கு வந்துவிட்டால், நாசில் எவ்வளவு நேர்த்தியாகத் தெளித்தாலும் பயனில்லை. ஈயமும் அமிலமும் கொண்ட பேட்டரியோ குளிரில் சுபாவமாகவே சோர்வடைவது. 0 டிகிரியில் அதன் திறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். இங்கத்திய குளிரில் இழப்பு அதைவிட மிகச் சிறிதேயாயினும், மூன்று நான்கு வருஷம் உழைத்து ஓய்ந்த பேட்டரிக்கு அந்தச் சிறு இழப்பே பெரிது. முனைகளில் பூத்த வெண்ணிறப் படிவையும், சேஸிஸோடு சேரும் எர்த் வயரின் தளர்ச்சியையும் கவனியாமல் புது பேட்டரி வாங்கி ஏமாந்தவர் பலர்.

பேட்டரி மேலும் சோர்வதற்கு எஞ்சின் ஆயிலும் காரணமாகும். 40 என்னும் தரத்து ஆயில், 100 டிகிரியில் 12.5 முதல் 16.3 சென்டிஸ்டோக் வரை பாகுநிலை உடையது. அதுவே 40 டிகிரியில் நூறைத் தாண்டிவிடும். அதற்கும் கீழே குளிரக் குளிர வெல்லப்பாகைப் போல இறுகிக்கொண்டே போகும். 15டபிள்யூ-40 என்று டப்பாவில் அச்சிட்டிருக்கும் குறியில், முதற்பகுதி ஆயில் குளிரில் ஒழுகும் தன்மையையும், பிற்பகுதி சூட்டில் தாங்கும் தன்மையையும் குறிப்பன. வெறும் 40 என்று மட்டும் போட்ட ஒற்றைத் தர ஆயில் சேலத்துச் சமவெளியில் வேலை செய்தாலும், இம்மேட்டில் மார்கழி விடியலில் செல்ஃப் மோட்டாருக்குச் சுமையாகிறது.

இவற்றையெல்லாம் அறிந்தே எஞ்சின் செய்தவர்கள் சில உபாயங்களை அமைத்தார்கள். தனி அறையில் எரிதலைத் தொடங்கிப் பிறகு சிலிண்டருக்குள் பரவவிடும் முறையில் அமைந்த பழைய எஞ்சின்களில், அந்த அறைச் சுவரின் பரப்பு மிகுதியாதலால் சூடு வெகுவாக இழக்கப்படும். ஆகவே அவ்வறையை முன்கூட்டியே சூடேற்றும் ஹீட்டர் பிளக் அவற்றுக்கு இன்றியமையாதது. அம்பாசடர் டீசல் காரை ஓட்டியவர்கள், சாவியை முதல் நிலையில் திருப்பி, விளக்கு அணையும்வரை பொறுமையோடு காத்திருந்த அந்தச் சில விநாடிகளை மறந்திருக்கமாட்டார்கள். அந்தப் பொறுமையை மேற்கொள்ளாமல் உடனே செல்ஃப் அடிப்பதாலேயே பாதிச் சிரமம் விளைகிறது; நாலு சிலிண்டரில் ஒன்றன் ஹீட்டர் பிளக் கருகிப்போயிருந்தால், அவ்வண்டி தொடங்கிய பின்னும் சிறிது நேரம் நொண்டியபடியே ஓடும். லாரி எஞ்சின்களில் எண்ணெய் நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீச்சப்படுவதால் ஹீட்டர் பிளக்கின் துணை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. மின்னணுக் கட்டுப்பாட்டோடு வந்துள்ள காமன் ரெயில் எஞ்சின்களிலோ, குளிர்நீரின் உஷ்ணத்தை உணரும் சென்சார் சொல்லும் தகவலைக்கொண்டு, எவ்வளவு எண்ணெய், எந்தக் கணத்தில், எத்தனை தவணையாக என்பதைக் கணிப்பொறியே தீர்மானிக்கிறது. அச்சென்சார் பழுதாகி, குளிர்ந்த எஞ்சினைச் சூடான எஞ்சின் என்று தவறாக அறிவித்தால், வேறு குறை ஏதுமில்லாத வண்டியும் காலையில் அடம்பிடிக்கும்.

மின்சாரம் எட்டாத காலத்தில் கிணற்று மேட்டில் நின்ற கிர்லோஸ்கர் பம்புசெட்டில் செல்ஃபும் இல்லை, பேட்டரியும் இல்லை. சிறு நெம்புகோலைத் தூக்கினால் வால்வு திறந்தபடியே நிற்க, நெருக்கத்தின் எதிர்ப்பு நீங்கிய எஞ்சினைக் கைப்பிடியால் சுற்றிச் சுற்றி, கனத்த சக்கரம் வேகம் பிடித்த தருணத்தில் நெம்புகோலை விடுவித்தால், சக்கரத்தில் சேமித்த வேகமே முதல் நெருக்கத்தைச் செய்து முடித்துவிடும். சுழற்சி வேகமே பாதி வெற்றி என்னும் மேற்சொன்ன தத்துவத்தை, படிப்பறியாத உழவரும் தம் தோள் வலியாலேயே அறிந்திருந்தனர்.

தொடங்கும்போது வரும் புகை ஒரு நல்ல சாட்சி. வெண்புகை, எரியாமல் ஆவியாக மட்டும் வெளியேறும் எண்ணெயைக் காட்டுகிறது. முதல் அரை நிமிஷத்தில் மறைந்துவிட்டால் அது குளிரின் விளைவு, தொடர்ந்து வந்தால் நெருக்கக் குறைவோ, நாசில் ஒழுகலோ, டைமிங் பின்தங்கியிருப்பதோ காரணம். நீலம் கலந்த புகை, எஞ்சின் ஆயில் உள்ளே புகுவதை அறிவிக்கும். புகையே இல்லாமல் வெறுமனே சுழன்றால், எண்ணெய் வந்து சேரவில்லை என்று பொருள். பைப்பில் காற்று புகுந்து ‘ஏர் லாக்’ ஆகியிருக்கும். பிரைமிங் பம்பை அழுத்தி, காற்றுக் குமிழி நிற்கும்வரை ஏர் எடுத்தால் மட்டும் போதாது. காற்று புகுந்த இடத்தையும் கண்டு அடைக்க வேண்டும், இல்லையேல் மறுநாள் காலையும் இதே கதைதான்.

சமவெளி வண்டிகளில் காணும் ஒரு வழக்கத்தைக் குறித்து இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எஞ்சின் கொதிக்கிறது என்று பயந்து, தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுவது சில பட்டறைகளில் நிரந்தர வைத்தியமாகிவிட்டது. குளிர்நீர் உரிய உஷ்ணத்தை அடையும்வரை ரேடியேட்டருக்குப் போகாமல் தடுத்து நிறுத்துவதே அவ்வால்வின் தொழில். அதை இழந்த லாரி ஓசூர் மேட்டுக்கு ஏறி வந்து, விடியற்காலையில் புறப்பட்டால், இருபது முப்பது கிலோமீட்டர் சென்றும் எஞ்சின் பதமான சூட்டை அடையாமல் இருக்க, எரியாத எண்ணெய் சிலிண்டர்ச் சுவரின் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டே போகும். அதன் விளைவாக லைனர் தேயும். தேய்ந்த லைனர் அடுத்த குளிர்காலத்தில் தொடக்கத்தையே கடினமாக்கும். வால்வைக் கழற்றியவரே தம் எஞ்சினைக் கெடுத்தவர் என்பதில் சந்தேகமில்லை.

முரண்டு செய்யும் வண்டிக்கு டிரைவர்கள் கையாளும் தந்திரங்களில் மிகப் பழையது, இரவில் இறக்கமான இடத்தில் முகம் வைத்து நிறுத்திவிட்டுக் காலையில் உருட்டி ஸ்டார்ட் செய்வது. சிறு வண்டிக்கு இது பொறுத்துக்கொள்ளத்தக்கதே. காற்று பிரேக் கொண்ட கனரக வண்டியிலோ, எஞ்சின் ஓடினால் மட்டுமே பிரேக் தொட்டியில் காற்று நிறையும்; ஸ்டியரிங்கின் துணைச்சக்தியும் அப்போதுதான் கிடைக்கும். குறைந்த காற்றோடு உருண்டுவிட்ட டிப்பரை, எஞ்சின் எடுக்காத நிலையில் நிறுத்துவது எவ்வளவு அபாயம் என்பதை விவரிக்க வேண்டியதில்லை. ஏர் ஃபில்டரின் வாயில் ஈதர் கலந்த ஸ்ப்ரே அடிப்பதும், பெட்ரோலில் நனைத்த துணியைக் கொளுத்திப் பிடிப்பதும் இதனினும் கெட்டவை. பிஸ்டன் மேலே வருவதற்கு முன்னரே ஈதர் வெடித்து, பிஸ்டனையும் ரிங்கையும் உடைத்துவிடக்கூடும். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் அந்தப் பிளக்கின் சூட்டிலேயே அது முன்கூட்டித் தீப்பிடித்துவிடக்கூடும். செல்ஃபை ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் அடிக்காமல், இரண்டு நிமிஷம் இடைவெளி விட்டு, கிளட்சை மிதித்தபடி மீண்டும் அடிப்பதே முறை. கிளட்சை மிதிப்பதால், கியர்ப்பெட்டியில் இறுகிக் கிடக்கும் ஆயிலைக் கடையும் சுமை செல்ஃபுக்கு இல்லாமற்போகிறது.

எஞ்சின் எடுத்தவுடன் ஆக்ஸிலரேட்டரை மிதித்து அலறவிடுவது பலருக்கு ஒரு மகிழ்ச்சி. அந்தக் கணத்தில் எஞ்சினின் மேற்பகுதிக்கு ஆயில் இன்னும் வந்து சேர்ந்திருக்காது. நிமிஷத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுழலும் டர்போவின் தண்டு, உலர்ந்த பேரிங்கில் ஓடும். அதற்கு நேர்மாறாக, கால் மணி நேரம் சும்மாவே ஓடவிட்டுச் சூடேற்றுவோரும் உண்டு. டீசல் எஞ்சின் சுமையின்றி ஓடும்போது மிகுதியான காற்றில் சிறிதளவே எண்ணெயை எரிப்பதால், அவ்வாறு நின்றபடி சூடேறுவது மிக மெதுவாகவே நடக்கும். கரி படிவதுதான் மிச்சம். ஒன்றிரண்டு நிமிஷம் நிதானமாக ஓடவிட்டு, ஆயில் அழுத்தமும் காற்று பிரேக்கின் முள்ளும் சரியான இடத்துக்கு வந்ததைப் பார்த்து, முதல் சில கிலோமீட்டரை மிதமான வேகத்தில் கடப்பதே எஞ்சினுக்கு உகந்தது. பழைய நாளில், டீசலில் மிகுந்திருந்த கந்தகம் குளிர்ந்த சிலிண்டரின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி லைனரை அரித்ததும் ஒரு தொல்லை. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 டீசலில், பத்து லட்சம் பங்குக்குப் பத்துப் பங்குக்கு மேல் கந்தகம் இருக்கலாகாது என்பதால் அத்தொல்லை பெரிதும் நீங்கிவிட்டது. குறைந்தது 51 இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்ட சீட்டேன் எண்ணும், விரைவில் தீப்பற்றும் தன்மையை உயர்த்திக் குளிர்த்தொடக்கத்துக்கு உதவுகிறது.

எண்ணெயைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம் உண்டு. பகல் சூடும் இரவுக் குளிரும் மாறி மாறி வரும் பனிக்காலத்தில், பாதி காலியான டாங்கியின் உட்சுவரில் ஈரம் துளித்து, டீசலின் அடியில் நீராகத் தங்கும். மாலையிலேயே டாங்கியை நிரப்பி நிறுத்துவதும், நீர்ப்பிரிப்பானின் அடித்திருகைத் தளர்த்தி வடித்துவிடுவதும் நாசிலைக் காக்கும். மற்றது மெழுகு. டீசலில் இயல்பாகக் கலந்திருக்கும் மெழுகு குளிரில் படிகமாகி ஃபில்டரை அடைக்கும். அடைபடத் தொடங்கும் உஷ்ணம் குளிர்காலத்து டீசலில் 6 டிகிரிக்கு மேலும், கோடைக்காலத்து டீசலில் 18 டிகிரிக்கு மேலும் இருக்கலாகாது என்பது இந்தியத் தர விதி. குளிர்காலத்தில் புதிதாகப் பிடித்த டீசலுக்கு ஆகவே பாகலூரில் பயமில்லை. ஆனால் சித்திரையில் பீப்பாயில் வாங்கி வைத்த டீசலைத் தை மாதத்தில் ஜெனரேட்டருக்கு ஊற்றுவோர், அது 13 டிகிரியில் தெளிவாகவே இருக்கிறதா என்பதை முதலில் ஒரு கண்ணாடிக் குப்பியில் எடுத்துப் பார்த்துக்கொள்வது நலம்.

இப்பிரதேசத்திலிருந்து வடக்கே சரக்கேற்றிச் செல்லும் லாரிகளுக்கு இவ்விஷயம் வேறு ரூபம் எடுக்கிறது. இமயத்துக் குளிரில் நம் ஊர் டீசல் கூழாகிவிட, டாங்கியின் அடியில் நெருப்பு மூட்டும் கோர வழக்கம் அங்கே டிரைவர்களிடையே உண்டு. லடாக்குக்கென்றே இந்தியன் ஆயில் நிறுவனம் பானிப்பட் சுத்திகரிப்பு ஆலையில் தயாரித்து 2019 நவம்பரில் வெளியிட்ட குளிர்கால டீசல், பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி வரை உறையாதது. அங்கே ஏறும் வண்டி, தெற்கில் நிரப்பிய எண்ணெயைச் சமவெளியிலேயே ஓட்டித் தீர்த்துவிட்டு, மலை ஏறுவதற்கு முன் அந்த டீசலால் டாங்கியை மட்டுமன்றி ஃபில்டரையும் குழாய்களையும் நிறைத்து, சிறிது தூரம் ஓட்டிய பின்னரே இரவு நிறுத்தத்துக்குச் செல்ல வேண்டும். பழைய எண்ணெய் ஃபில்டரில் தங்கியிருக்கும்போதே நிறுத்திவிட்டால், டாங்கி நிறைய நல்ல எண்ணெய் இருந்தும் விடியலில் எஞ்சின் எடுக்காது.